நாவலில் பெண்ணின் தன்னம்பிக்கை: அந்த இரண்டு பக்கப் பேச்சை வைத்திருக்கவா, வெட்டிவிடவா?

வெள்ளவத்தை வாசகி

வணக்கம். நான்கு ஆண்டுகளாக நான் எழுதிவரும் முதல் நாவல் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் வந்து நின்றுவிட்டது. கதை எழுதுகிறவர்களும் ஊன்றி வாசிக்கிறவர்களும் இங்கே இருப்பதால் சிக்கலைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நாயகியின் பெயர் தவமணி. மானிப்பாய்க்காரி. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனம் முழுவதும் வீதிக்கு இறங்கியபோது அவளும் இரண்டு பிள்ளைகளுடன் வெளிக்கிட்டு, தென்மராட்சியிலும் வன்னியிலும் மாதக்கணக்கில் அலைந்து, 1996இல் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒற்றை அறை அனெக்ஸ் ஒன்றில் குடியிருக்கிறாள். கணவன் சவூதியில் வேலை செய்கிறான். பொலிஸ் பதிவுக்கு வரிசையில் நிற்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, வீட்டுக்காரரோடு வாடகை பேசுவது, சந்தையில் நின்று சிங்களம் பழகுவது, பழைய தையல் இயந்திரம் ஒன்றை வாங்கிச் சட்டை தைத்துக் கொடுப்பது என்று அந்த மூன்று ஆண்டுகளும் எல்லாவற்றையும் அவளே பார்க்கிறாள். 1999இல் கணவன் திரும்பி வருகிறான். வந்த இரண்டாம் நாள், அலுமாரியில் இருந்த வங்கிப் புத்தகத்தை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “இனி நான் பாக்கிறன், நீர் ஆறுதலா இரும்” என்கிறான். அவன் கெட்டவன் அல்லன். அதை அன்பாகத்தான் சொல்கிறான்.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில் தவமணி அவனுக்குப் பதில் சொல்கிறாள். கையெழுத்துப் பிரதியில் அது இரண்டு பக்கம் வருகிறது. அடுத்த அத்தியாயத்தில் மானிப்பாயில் உள்ள தன் சீதனக் காணியை விற்று, மூன்று தையல் இயந்திரங்கள் வாங்கி, காலி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் கடை திறக்கிறாள்.

எங்கள் சிறிய வாசிப்பு வட்டத்தில் இதை வாசித்தபோது இரண்டு பங்காகப் பிரிந்துவிட்டார்கள். மூத்தவர் ஒருவர், இது தவமணியின் பேச்சன்று, எழுத்தாளரின் மேடைப் பேச்சு என்றார். இளையவர்கள் இருவர், நாவலில் மயிர்க்கூச்செறிந்த ஒரே இடம் அதுதான் என்றார்கள். ஆனால் என்னை உண்மையில் நிறுத்தியது என் அம்மாவின் கேள்வி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இவ்வளவும் சொன்ன பிள்ளை அண்டைக்கு இரவு எங்கை படுத்தவள்?” என்று கேட்டார். அந்த அனெக்ஸில் இருப்பது ஒரேயோர் அறை. அதை நான் யோசிக்கவே இல்லை.

பேச்சு வேண்டுமா, வேண்டாமா? தன்னம்பிக்கை உள்ள ஒரு பெண்ணை எதைக் கொண்டு காட்டுவது? நம்மவர்கள் முன்பு எப்படிச் செய்திருக்கிறார்கள்?

கொட்டாஞ்சேனை ஓய்வுபெற்ற ஆசிரியர்

தங்கச்சி, உங்கள் அம்மாவின் கேள்விக்கு மேலே நான் பெரிதாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை. ஆனாலும் முன்பு எப்படிச் செய்தார்கள் என்று கேட்டிருப்பதால், முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவன் என்ற உரிமையில் சிலவற்றை எழுதுகிறேன்.

ஈழத்தில் பெண்ணொருவர் எழுதிய முதல் நாவல் மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’. அது 1914இல் வெளிவந்தது. அதன் நாயகி கண்மணி கணவனின் கொடுமையைப் பொறுத்துக்கொண்டு வாழ்கிறாள்; கிறிஸ்தவப் பொறுமையே அவளுடைய குணம். இன்றைய வாசகர் அவளைப் பார்த்துப் பொறுமை இழப்பது இயல்பு. என் மாணவிகளும் அப்படித்தான் கோபப்பட்டார்கள். நான் அவர்களிடம், கண்மணியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, 1914ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் தன் பெயரிலேயே புத்தகம் அச்சிட்டு, வசதியான வீடுகளின் கதவுக்குப் பின்னால் நடப்பதை ஊரறியச் சொன்னதை நினைத்துப் பாருங்கள் என்பேன். அந்த நாவலில் தன்னம்பிக்கை பாத்திரத்திடம் இல்லை. எழுதிய கையில் இருக்கிறது. அக்கரையில் வை. மு. கோதைநாயகி அம்மாளும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகாதவர், தமது முதல் நாடகத்தைத் தோழி ஒருவர் எழுத எழுதத் தாம் வாயால் சொல்லிச் சென்றவர், பிற்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி, ‘ஜகன்மோகினி’ என்ற பத்திரிகையையும் பல ஆண்டுகள் நடத்தினார். அவருடைய நாயகிகளில் பலர் பொறுமைசாலிகள். அவரோ அப்படி இருக்கவில்லை.

பாத்திரத்திடமே தன்னம்பிக்கை வந்து சேர நாட்கள் எடுத்தன. பவானி ஆழ்வாப்பிள்ளையின் ‘கடவுளரும் மனிதரும்’ சிறுகதைத் தொகுதி 1962இல் வந்தபோது, பெண் இப்படியும் நினைப்பாளா என்று முகம் சுளித்தவர்களை நான் பையனாக இருந்தபோதே கண்டிருக்கிறேன். பெண்நிலைவாதம் என்ற சொல் அப்போது இங்கே புழக்கத்தில் இல்லை. தமிழ்நாட்டார் பெண்ணியம் என்கிறார்கள். எண்பதுகளில் நம்மவர்கள் பெண்நிலைவாதம் என்றார்கள். எனக்கு நம்முடைய சொல்லே பிடிக்கும். பெண் நிற்கும் நிலையிலிருந்து பார்ப்பது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது.

இனி உங்கள் இரண்டு பக்கத்துக்கு வருகிறேன். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ 1943இல் எழுதப்பட்ட கதை. அகலிகை, சீதையின் வாயால் தீக்குளிப்பைப் பற்றிக் கேட்டறிகிறாள். இராமனா அப்படிக் கேட்டான் என்ற வியப்புத்தான் அவளிடமிருந்து வருகிறது. பிறகு அவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். அங்கே ஒரு பக்கப் பிரசங்கம் இருந்திருந்தால் அந்தக் கதையை இன்று யாரும் நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அதற்காகப் பேச்சே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்முடைய இலக்கியத்தில் மிகப் பெரிய பேச்சைப் பேசியவள் கண்ணகி. அதுவும் அரசனுக்கு முன்னால் நின்று பேசினாள். ஆனால் அவள் வெறுங்கையோடு போகவில்லை. ஒற்றைச் சிலம்பு கையில் இருந்தது. அதை உடைத்தபோது முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்தது. வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பேச்சுக்குப் பின்னால் ஒரு பொருள், ஒரு சாட்சி, காட்டக்கூடிய ஏதோ ஒன்று இருந்தது. உங்கள் தவமணி அந்த இரண்டு பக்கத்தையும் பேசும்போது அவளுடைய கையில் என்ன இருக்கிறது? அதைக் கண்டுபிடியுங்கள். பேச்சு தானாகவே சுருங்கிவிடும்.

தெஹிவளைத் தோழி

ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், நான் உடன்படவில்லை. அகலிகை கல்லானது நல்ல கதைதான். ஆனால் பெண் பாத்திரம் மௌனமானால் கலை என்றும், வாய் திறந்தால் பிரசாரம் என்றும் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நம் விமர்சனத்தில் நீண்ட காலமாக இருந்துவருகிறது. ஆண் பாத்திரங்கள் சமூகத்தைப் பற்றியும் புரட்சியைப் பற்றியும் சுடலையடியிலும் தேநீர்க் கடையிலும் நின்று பக்கம் பக்கமாகப் பேசிய நாவல்களை நாங்கள் பாடப்புத்தகங்களாகவே படித்திருக்கிறோம். அங்கே யாரும் நாயகனின் கையில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை.

1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் கூடி வெளியிட்ட கவிதைத் தொகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சொல்லாத சேதிகள்’. அவர்கள் நேரடியாகத்தான் பேசினார்கள். இரண்டு தலைமுறை கழித்தும் அந்தக் கவிதைகளை நாங்கள் எடுத்து வாசிப்பது, அவை வாய் திறந்து சொன்னதற்காகத்தான்.

என்னுடைய அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கூட்டத்தில் நான் சொல்லும் கருத்துக்கு எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிடம் கழித்து அதையே ஓர் ஆண் சொன்னால் தலையாட்டுவார்கள். சென்ற ஆண்டு ஒருநாள், “இதை நான் இப்போதுதான் சொன்னேன், என் பெயரிலேயே குறிப்பில் எழுதுங்கள்” என்று சொல்லிவிட்டேன். ஒரேயொரு வசனம். குரல் நடுங்கவில்லை என்று பக்கத்தில் இருந்த தோழி பிறகு சொன்னாள். ஆனால் கூட்டம் முடிந்து வெளியே வந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்த பிறகு, அதன் மூடியை என்னால் திருகிப் பூட்ட முடியவில்லை. மூன்று தரம் சரிந்து சரிந்து வந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டே மேசைக்குப் போனேன்.

அக்கா, உங்கள் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் எனக்குக் குறையாகத் தெரிவது பேச்சின் நீளமன்று. தவமணி இரண்டு பக்கமும் தடக்கமில்லாமல் பேசுகிறாள் என்று நினைக்கிறேன். மூன்று ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறவள் அப்படிப் பேச மாட்டாள். ஒன்றைத் தொடங்கி இன்னொன்றுக்குப் போவாள். மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்த இரவைச் சொல்லும்போது வாடகை நினைவுக்கு வரும். இடையில் சோறு அடிப்பிடிக்கும் மணம் வந்து எழும்பிப் போவாள். திரும்பி வரும்போது எங்கே விட்டேன் என்று தெரியாமல் நிற்பாள். அந்த மனுஷனும் இடையில் ஏதாவது சொல்வான். அப்படி எழுதினால் நான்கு பக்கம் வந்தாலும் வைத்திருங்கள். ஒழுங்காக, புள்ளி வைத்துப் பேசுகிறாள் என்றால் அரைப் பக்கமும் அதிகம்தான்.

ஆசிரியர் ஐயாவின் கேள்வியை நான் முற்றாகத் தள்ளிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்கிப் புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது?

புதுக்கடைச் சட்டத்தரணி

நான் சட்டத்தரணி, காணி உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசும்கூட. இலக்கியத்தைப் பற்றிக் கதைக்க வரவில்லை. ஆனால் இருபதாம் அத்தியாயத்தைப் பற்றிச் சகோதரிக்கு ஒரு விடயம் சொல்லாமல் விடமுடியாது. நீங்கள் எழுதியிருக்கிறபடி தவமணி அந்தக் காணியை விற்றிருக்க முடியாது.

மானிப்பாய்க்காரியும் மானிப்பாய்க்காரனும் என்றால் அவர்களுக்குத் தேசவழமை பொருந்தும். அது 1707 அளவில் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட வழமைச் சட்டம். அதன்மேல் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வருகிறது. அதன் 6ஆம் பிரிவின்படி சீதனக் காணி மனைவியின் தனிச் சொத்து. கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது. இதுவரைக்கும் மிக நல்லது. ஆனால் அவள் உயிரோடு இருக்கும்போது அந்தக் காணியை விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அசையும் சொத்துக்கு அது வேண்டியதில்லை. மரண சாசனம் எழுதுவதற்கும் வேண்டியதில்லை. அதாவது தவமணி தன்னுடைய நகையைத் தன் விருப்பப்படி விற்கலாம். தான் செத்த பிறகு காணி யாருக்கு என்று தன் விருப்பப்படி எழுதி வைக்கலாம். உயிரோடு இருக்கும்போது மட்டும் அவருடைய கையெழுத்து வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட பெண், உட்படாத ஓர் ஆணைக் கலியாணம் முடித்தால், அந்தத் திருமணம் நிலைத்திருக்கும்வரை அவள் தேசவழமையிலிருந்து வெளியே போய்விடுகிறாள். உட்படாத பெண், உட்பட்ட ஆணை முடித்தால் உள்ளே வந்துவிடுகிறாள். சட்டம் கணவனுக்குப் பின்னால் நடந்து போகிறது. நான் மாணவியாக இருந்தபோது இந்தப் பிரிவை வாசித்துவிட்டு அன்று முழுவதும் மனம் சரியில்லாமல் இருந்தேன்.

இனிச் சிலம்புக்கு வருகிறேன். ஆசிரியர் கேட்ட பொருள் தவமணியிடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இடம்பெயரும்போது நம் பெண்கள் எதை எடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நகை, காணி உறுதி. பொலித்தீன் பையில் சுற்றி, அதை ஒரு துணிப்பையில் போட்டு, இடுப்போடு கட்டிக்கொண்டு வந்தவர்களை நான் என் மேசைக்கு முன்னால் கண்டிருக்கிறேன். மடித்த இடங்கள் நைந்து, நான்கு துண்டாகப் போய், பின்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டிய உறுதிகள். அதில் அவளுடைய பெயர் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தாள் தனியாக எதையும் சாதிக்காது.

கணவன் சம்மதிக்காவிட்டால் வழி இருக்கிறதா? இருக்கிறது. அதே கட்டளைச் சட்டத்தின் கீழ் அவள் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். அவள் வசிக்கும் மாவட்டமும் ஆகலாம், காணி இருக்கும் மாவட்டமும் ஆகலாம். ஆகவே கொழும்பிலேயே செய்யலாம். கணவன் கைவிட்டுப் போயிருந்தால், சித்தசுவாதீனம் இல்லாதவராக இருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமில்லாமல் சம்மதத்தை மறுத்தால், அவருடைய சம்மதம் இல்லாமலே விற்பதற்கு நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

சகோதரி, உங்கள் இரண்டு பக்கப் பேச்சுக்கு இதுவே இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் தன் கதையை முதன்முதலாக முழுவதுமாகச் சொல்வது புருஷனிடம் அன்று. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அறையில், தட்டச்சு செய்கிறவருக்குப் பக்கத்தில் இருந்து. அவள் சொல்லச் சொல்ல அது “மனுதாரர்” என்று தொடங்கும் இலக்கமிட்ட பந்திகளாக மாறும். காய்ச்சல் வந்த இரவுக்கு அங்கே இடம் கிடையாது. எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்று மற்றவர்கள் முடிவு செய்வார்கள். அவள் அதற்கு என்ன செய்வாள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

கையெழுத்தைப் பற்றியும் ஒரு சொல். உறுதி எழுத வரும் பெண்களில் பலர், பேனையை வாங்கியதும் ஒருமுறை கணவனின் முகத்தைப் பார்ப்பார்கள். படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்களும்கூட. சிலர் என்னிடம், “இதிலையோ?” என்று கேட்டுவிட்டு அவருடைய முகத்தையே பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு வயதான அம்மா மட்டும் அப்படிப் பார்க்கவில்லை. கையெழுத்து வைக்கமுதல், எழுதியிருப்பதை முழுவதும் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். எல்லைகளைச் சொல்லும் இடத்தில் கிழக்கும் மேற்கும் மாறியிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார்.

மட்டக்களப்பு, இப்போது மருதானை

சட்டத்தரணி அவர்கள் எழுதியதை வாசித்ததும் எங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மட்டக்களப்பில் குடி தாய்வழி. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் மகளுக்கு. எங்கள் அம்மா வாழ்ந்ததும் இறந்ததும் தன்னுடைய பெயரில் இருந்த வீட்டில்தான். ஆனாலும் அந்த வீட்டின் முன் விறாந்தையில் இருந்த சாய்மனைக் கதிரையில் அவர் ஒருநாளும் இருந்து நான் காணவில்லை. அப்பா வயலுக்குப் போயிருக்கும்போதும் குந்தில்தான் இருப்பார். ஆகவே உறுதியில் பெயர் இருந்தால் போதும் என்று கதையில் எழுதிவிட வேண்டாம்.

கண்ணகியைப் பற்றி ஆசிரியர் ஐயா எழுதியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில், அம்மனின் கதையைப் பாடும் வழக்குரை படிக்கும்போது, மற்ற நேரம் மணலில் சாய்ந்து கண்ணயர்ந்திருக்கும் கிழவிகள், அம்மன் மதுரைக்குப் போகும் இடம் வந்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பி நிமிர்ந்து இருப்பார்கள். என் அம்மம்மாவும் அவர்களில் ஒருவர். அவருக்கு எழுத்து வாசனை இல்லை. படிப்பவர் ஒரு வரியை விட்டுவிட்டால் இருந்த இடத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பார்.

வெள்ளவத்தை வாசகி

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. அந்த இரண்டு வாரமும் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் தெஹிவளைத் தங்கச்சியின் கேள்விக்கு. வங்கிப் புத்தகம் தவமணியின் பெயரில்தான் இருக்கிறது. நான் இதைப் பத்தாம் அத்தியாயத்திலேயே எழுதியிருந்தும் மறந்துபோனேன். அது அவளுடைய பெயரில் இருக்கும்போதே அவன் அதைத் தன் சட்டைப்பையில் வைக்கிறான். அவளுடைய கையெழுத்து இல்லாமல் அவனால் ஒரு சதமும் எடுக்க முடியாது. காணியோ அவளுடைய பெயரில் இருந்தும் அவனுடைய கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. சட்டத்தரணி அக்கா எழுதியதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நாவலின் பின்பாதி முழுவதும் இந்த இரண்டு கையெழுத்துகளுக்கும் நடுவில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில் பேச்சு இருக்கிறது. ஆனால் அது உடைந்து உடைந்து வருகிறது, சோறும் அடிப்பிடிக்கிறது. (அந்த இடத்தைத் தங்கச்சியிடமிருந்து அப்படியே எடுத்துவிட்டேன், அனுமதிப்பீர்கள் என்று நம்புகிறேன்.) அன்றிரவு நான்கு பாய்களையும் வழக்கம்போல அவளே விரிக்கிறாள். தன்னுடையதை மட்டும் தையல் இயந்திரத்துப் பக்கச் சுவரோடு விரிக்கிறாள். பிள்ளைகள் நடுவில் கிடக்கிறார்கள். கணவன் எதுவும் கேட்கவில்லை. விளக்கை அவன்தான் நிறுத்துகிறான். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “ம், அப்பிடித்தான்” என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

முன்னர் நான் தவமணியை, கணவன் வந்த பிறகுதான் துணிச்சல் பெறுகிறவளாக எழுதியிருந்தேன். இப்போது திரும்பிப் பார்த்தால், முன் பதினெட்டு அத்தியாயங்களிலும் அவள் செய்ததையெல்லாம் கஷ்டம் என்ற பெயரில் எழுதி வைத்திருக்கிறேன். தையல்கூலி கேட்டு ஒரு வீட்டுக்கு ஐந்து தரம் நடந்ததை, மூன்று பக்கத்தில், வாசிப்பவர் அவளுக்காக இரங்கும்படி எழுதியிருந்தேன். ஐந்தாம் தரம் அவள் போனதில் இரக்கப்பட என்ன இருக்கிறது? அந்த மூன்று பக்கத்தையும் மறுபடி எழுதினேன். சம்பவம் எதுவும் மாறவில்லை, வசனங்கள்தான் மாறின. நம் ஈழத்து எழுத்தாளர்கள் குந்தவையும் தாமரைச்செல்வியும் இடம்பெயர்ந்த பெண்களை எழுதும்போது வாசகரிடம் கண்ணீர் கேட்பதில்லை. அவர்களுடைய கதைகளை மறுபடி எடுத்து வாசித்தது எனக்கு மிகவும் உதவியது.

மட்டக்களப்பு அம்மாவின் சாய்மனைக் கதிரை என் மனதை விட்டுப் போகவில்லை. அது உங்களுடையது, நீங்கள்தான் அதை எழுத வேண்டும். தயவுசெய்து எழுதுங்கள்.

இருபதாம் அத்தியாயம் இப்போது புதுக்கடையில் நடக்கிறது. தவமணியின் சட்டத்தரணி நல்ல மனிதர், அவசரக்காரர். மனுவை ஆங்கிலத்தில் தயாரித்துவிட்டார். எழுதுவினைஞர் அதை ஒவ்வொரு பந்தியாக வாசித்துத் தமிழில் விளக்கிக்கொண்டு வருகிறார். நான்காம் பந்தியில், கணவன் மனுதாரரைக் கைவிட்டுச் சென்றுவிட்டார் என்று இருக்கிறது. அப்படி எழுதினால் நீதிமன்றத்தில் சுலபம் என்பது சட்டத்தரணியின் எண்ணம். தவமணி கையை நீட்டி மறிக்கிறாள்.

“அது பிழை, ஐயா. அவர் என்னை விட்டிட்டுப் போகேல்லை. வீட்டிலைதான் இருக்கிறார். நான் இஞ்சை வந்திருக்கிறதும் அவருக்குத் தெரியும். கையெழுத்துத்தான் வைக்கமாட்டாராம். அதை எழுதுங்கோ.”

அப்படியென்றால் வழக்கு இழுபடும் என்கிறார் அவர்.

“இழுபடட்டும்.”

எழுதுவினைஞர் சட்டத்தரணியைப் பார்க்கிறார். அவர் தலையசைக்கிறார். முதலாம் பக்கம் மறுபடியும் தட்டச்சுக்குப் போகிறது. தவமணி வாங்கில் இருந்து, துணிப்பைக்குள் உறுதி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் காத்திருக்கிறாள்.